குறிகட்டுவான் துறையிலே

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்படுவோர், வேலணையைக் கடந்து, கடல் நடுவே அமைந்த மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவை அடைவர். அத்தீவின் மேற்கு அந்தத்திலே தெருவும் முடிகின்றது, தரையும் முடிகின்றது. அங்கே கடலுக்குள் நீண்டு நிற்பதே குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் மோட்டார்ப் படகுகள் இங்கிருந்து புறப்படுகின்றன. நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரத்திலே உள்ளது; நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் ஓடவேண்டும்.

யாத்திரிகர் படகில் ஏறியதும் நாகபூஷணி அம்மன் கோபுரத்தையும் நாகவிகாரையின் வெண்மையையும் நோக்கிக் கண்களைத் திருப்புவர். நாம் அன்று நோக்கியது வேறொன்றை. படகைக் கரைக்கு அணைக்கப் பழகிக்கொண்டிருந்த ஓர் இளைஞனையும், அவனருகே நின்ற முதியவரையுமே கவனித்தோம். மத்தியான வேளை, ஆட்கள் குறைவு. துறைக்குச் சற்றுத் தள்ளி வெறும் படகொன்றைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கட்டுவதே அவனுடைய பாடம்.

இதிலென்ன பெரிய வித்தை என்று நகரத்தார் நினைத்தல் கூடும். தீவிலே வாழ்வோருக்கு இத்துறையே தெரு, இப்படகே பஸ். ஆசிரியரும், நோயாளரும், நிறைமாதப் பெண்களும், அரிசி மூட்டைகளும் இவ்வழியாலேயே வந்து போகவேண்டும். நடுக்கடலிலே நேர்வதைக் காட்டிலும் கரையோரத்திலேயே சிறு விபத்துக்கள் மிகுதியாக நேரக்கூடும். படகுக்கும் சீமெந்துச் சுவருக்கும் இடையே அகப்பட்ட கால் மீள்வது அரிது.

தரையில் ஓடும் மோட்டார் வண்டிக்குத் தடை உண்டு, படகுக்கு இல்லை. இயந்திரத்தை நிறுத்தினாலும் படகு தன் பாரத்தினால் ஓடிக்கொண்டேயிருக்கும். வண்டி முன்சக்கரம் சென்ற வழியே செல்லும். படகோ, முன்புறம் ஒருபக்கம் திரும்பும்போது பின்புறத்தை மறுபக்கம் வீசும். மேலும், சுக்கானிலே நீர் பாய்ந்தாலன்றி அது வேலை செய்யாது. ஆகவே மெதுவாக வரும் படகு சுக்கானுக்கு அடங்காததுபோலத் தோன்றும். புதிதாய்ப் பழகுவோர் இவ்விடத்தில் அஞ்சி வேகத்தைக் கூட்டுவர். வேகம் கூடியதும் அச்சமும் கூடும்.

அவ்விளைஞனும் அவ்வாறே செய்தான். முதியவர் சினக்கவில்லை.

"அந்தரப்படாதை, தம்பி. பாலம் எங்கையும் ஓடிப்போகாது. ஆறுதலாய் விடு" என்றார்.

"காத்துத் தள்ளுது, அப்பு."

"தள்ளட்டும். அது எந்தப் பக்கம் தள்ளுதெண்டு முதல் பார். பிறகு வா."

அந்தச் சில சொற்களிலே கலை முழுவதும் அடங்கியிருந்தது எனலாம். துறையை நெருங்குமுன் காற்றையும் நீரோட்டத்தையும் அறிதல் வேண்டும். கொடியொன்று பறக்கும் திசையும், கட்டியுள்ள பிற படகுகள் சாய்ந்து நிற்கும் விதமுமே போதிய சாட்சிகள். பாக்குநீரிணையை அண்டிய இக்கடலிலே வற்றுப்பெருக்கு மிகச் சிறிது, காற்றே அதிகாரி. வைகாசி முதல் சோளகமும், மாரியிலே வாடையும் ஆளும். அம்மன் திருவிழா நிகழும் ஆனி மாதம் சோளகக் காலமாதலால், சனம் மிகுந்த நாட்களிலேதான் படகோட்டியின் திறமையும் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

இயன்றவரை காற்றுக்கு எதிர்முகமாகவே வருதல் நன்று. காற்றே தடையாக நின்று வேகத்தைக் குறைக்கும். கயிறுகளையும், பக்கத்தில் தொங்கும் பழைய ரயர்களையும் தூரத்திலேயே ஆயத்தஞ் செய்துகொள்ள வேண்டும். பின்பு துறைக்குச் சிறு சரிவாகப் படகைத் திருப்பி, இயந்திரத்தைச் சற்றே பூட்டியும் சற்றே விடுவித்தும் அணுகவேண்டும். கரையோடு மோதினாலும் கேடு விளையாத வேகமே தக்க வேகம். அருகே வந்ததும் சிறிது பின்னோக்கி இயக்கினால் படகு நின்றுவிடும். முன்னோக்கி ஓடுகையில் வலஞ்சுழியாகச் சுழலும் விசிறி, பின்னோக்கி இயக்குகையில் படகின் பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும். ஆதலால் அத்தகைய படகை இடப்பக்கமாக அணைத்தல் எளிது.

காற்றுக் கரையை நோக்கி வீசினால், துறைக்கு நேராகப் படகைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டால் போதும். காற்றே மெல்லக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கரையிலிருந்து வீசினால், சரிவைக் கூட்டி வந்து, முதற் கயிற்றை விரைந்து மாட்டவேண்டும். எக்காரணம் பற்றியும் கையாலோ காலாலோ படகைத் தாங்க முயலலாகாது. அது ரயரின் வேலை.

மூன்றாம் முறை இளைஞன் வந்தபோது காற்று முன்புறத்தை விலக்கிவிட்டது. துறையிலே நின்ற சிலர் சிரித்தனர். அவன் முகம் சிவந்தது. ஆயினும் முன்போல் வேகத்தைக் கூட்டாமல், படகைப் பின்வாங்கி, வெளியே சென்று, வட்டமிட்டுத் திரும்பினான். "இதுதான் படிப்பு" என்று முதியவர் எம்மிடம் கூறினார். "பிழைச்சால் திரும்பிப் போகத் தெரிஞ்சவன்தான் சனத்தை ஏத்தலாம்."

நான்காம் முறை ரயர் சுவரைத் தொட்ட ஓசைகூடக் கேட்கவில்லை.

பிற்பகற் படகிலே சனம் நிறைந்தது. சுக்கானை முதியவரே பிடித்தார். கயிறு இளைஞன் கையில் இருந்தது. உயிர்காப்பு அங்கி அணிந்த பாட்டி ஒருவர், நயினாதீவுத் துறையிலே படகு நிற்குமுன்பே எழுந்து காலை நீட்டினார். "இருங்கோ ஆச்சி, கட்டின பிறகு இறங்கலாம்" என்று அவன் அமைதியாகச் சொன்னான். கயிறு இறுகிய பின்னரே கைகொடுத்து இறக்கினான். அவர் திரும்பிப் பாராமலே கோயிலை நோக்கி நடந்தார். நல்ல படகோட்டிக்குக் கிடைக்கும் பாராட்டு அதுவே: ஏறியவர் எவரும் இறங்கியதை நினைவு வைத்திருப்பதில்லை.

நயினைக்குச் செல்லும் மாணவர்கள் கோபுரத்தைக் கண்டு தொழுவதோடு, படகு துறையை அணையும் அந்தச் சில நிமிடங்களையும் உற்று நோக்குவார்களாக. நீரும் காற்றும் பாரமும் பற்றிப் பள்ளியிலே கற்ற பாடங்கள் அங்கே உயிர்பெற்று நிற்பதைக் காண்பார்கள்.