வீட்டோடு ஒரு பயணம்

ஊரில் இருந்தவரை நான் செய்த நீண்ட பயணம் என்றால் ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ்தான். ஏறிப் படுத்தால் விடிகாலையில் சென்ட்ரல். வண்டியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவறையில் போவது எங்கே போகிறது என்றெல்லாம் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்படிப்பட்ட நான் நியூசிலாந்தில் நான்கு நாள் கேம்பர்வேனில் சுற்றிவிட்டு வந்தேன். அந்தக் கதைதான் இது.

கிறைஸ்ட்சர்ச்சில் படிக்க வந்து ஒரு வருடம் ஆகியும் ஊரைத் தாண்டியிருக்கவில்லை. 2024 செப்டம்பர் விடுமுறையில் வீட்டில் இருந்த நான்கு பேரும் சேர்ந்து காசு போட்டு ஒரு வேனை வாடகைக்கு எடுத்தோம். நான், திருச்சிக்காரன், மதுரைக்காரன், நெல்லைக்காரன். (பெயர் போட்டால் உதைப்பார்கள்.) நான்கு படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், ஒரு ஆள் நின்றால் திரும்ப முடியாத கழிவறை. ஏழு மீட்டர் நீளம்.

வண்டியை ஒப்படைத்த பெண்மணி முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். நல்ல தண்ணீர்த் தொட்டி இது, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி அது, கேஸ் இங்கே, பேட்டரி அங்கே. கடைசியாக வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து, "இது கேசட்" என்றார். கேசட் என்றதும் எனக்கு அப்பா பரணில் வைத்திருக்கும் இளையராஜா கேசட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. இது வேறு கேசட். கழிவறைக்கு அடியில் இருக்கும் பெட்டி. நிரம்பினால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும். நாமே வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டி நகர்ந்ததும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: அந்தக் கழிவறையை யாரும் தொடக்கூடாது!

ஓட்டுவது நினைத்த அளவு கஷ்டம் இல்லை. நம் ஊர் போலவே இடதுபக்கம்தான். ஆனால் ஒற்றைவழிப் பாலங்கள் வரும். பலகையில் சிவப்பு அம்பு நம் பக்கம் சின்னதாக இருந்தால் நாம் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். ஹாரனே அடிக்காமல் நூறு கிலோமீட்டர் ஓட்டிய நெல்லைக்காரன், "கை அரிக்குதுலே" என்றான்.

முதல் இரவு டெக்கப்போ ஏரிக்கரையில். காசு கட்டித் தங்கும் இடம், மின்சார இணைப்பு உண்டு. ரைஸ் குக்கரில் சோறு, கிளம்பும்போது அரைத்துக் கொண்டுவந்த பொடியில் ரசம். 2012இல் அந்தப் பகுதி முழுவதையும் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். தெருவிளக்குகள்கூட வெளிச்சம் மேலே போகாதபடி மூடி வைத்தவை. அவ்வளவு நட்சத்திரங்களை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் புக்காக்கி ஏரி. பனியாறு பாறையை அரைத்து அரைத்துக் கொண்டுவரும் நுண்துகள் நீரில் மிதப்பதால் ஏரி அப்படி ஒரு நீலம். அங்கிருந்து ஆராக்கி மலையடிவாரம். நியூசிலாந்தின் மிக உயரமான மலை, 3,724 மீட்டர். அரசின் முகாம் மைதானத்தில் நிறுத்தினோம். அங்கே மின் இணைப்பு கிடையாது. வண்டியின் பேட்டரி விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் போதும், ரைஸ் குக்கருக்குப் போதாது. கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வைத்தோம். முதல் விசிலுக்கு மைதானமே எங்களைத் திரும்பிப் பார்த்தது :-)

தட்டு கழுவ ஒரு குவளை, பல் தேய்க்க அரைக் குவளை என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்ததும் அங்கேதான். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிறவன் நான். இங்கே ஒவ்வொரு முறையும் பம்பு 'கர்ர்' என்று ஞாபகப்படுத்தியது.

அன்றிரவு மழையும் காற்றும். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. மைதானத்துப் பொதுக் கழிவறை கொஞ்ச தூரத்தில். யார் இறங்குவது? தீர்மானம் மழையோடு போயிற்று. ஒவ்வொருவனும் மற்றவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு பூனைநடை நடந்து போய் வந்தோம்.

காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. யார் அந்தப் பெட்டியை எடுப்பது என்று சண்டை. "ஐம்பது டாலர் தர்றேன், யாராவது செய்யுங்கடா" என்றான் திருச்சிக்காரன். "பாட்டிக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளேயே விடாது." நாங்கள் சிரித்தோம். மதுரைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "ஐம்பது டாலர்னா யாரைடா கூப்பிடுவ இங்க?" என்று கேட்டான். பதில் இல்லை. கடைசியில் தீக்குச்சி போட்டோம். குட்டைக்குச்சி எனக்கு.

வழியில் ட்வைசல் என்ற சிற்றூரில் கொட்டுமிடம் இருந்தது. எனக்கு முன்னால் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, நாம் டிபன் பாக்ஸ் கழுவுகிற மாதிரி சாவகாசமாகத் தன் பெட்டியை அலசிக்கொண்டிருந்தார். என் விழியைப் பார்த்தே, "முதல் தடவையா?" என்றார். மூக்குக்குழாயை எப்படித் திருப்புவது, தெறிக்காமல் இருக்க எந்தப் பொத்தானை அழுத்திப் பிடிப்பது என்று காட்டினார். "நல்ல பயணம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஊற்றினேன், அலசினேன், மருந்து விட்டு மூடினேன். மொத்தம் ஐந்து நிமிடம். மருந்து வாசனைதான் வந்தது. கையில் ஒரு துளி படவில்லை.

அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காலை முழுவதும் நாங்கள் போட்ட சண்டை எதற்கு? நாற்றத்துக்குப் பயந்தா? அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வந்தது.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தது. சந்துக்குள் லாரி வராது. ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு பேர் வாளியும் கயிறுமாக வந்தார்கள். அம்மா ஜன்னல்களைச் சாத்தி, எங்களை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு ஊதுவத்தி ஏற்றினார். ஒருவர் இறங்கினார், ஒருவர் மேலே இழுத்தார். கையுறை கிடையாது. குடிக்கத் தண்ணீர் கேட்டபோது வாசலில் கிடந்த பழைய பிளாஸ்டிக் குவளையில் ஊற்றினோம். அப்பா கூலியைக் கையில் கொடுக்கவில்லை. மதில்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போனேன். அவ்வளவுதான்.

அது சட்டப்படி குற்றம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கையால் மலம் அள்ள வைப்பதை 1993இலேயே ஒரு சட்டம் தடை செய்தது. செப்டிக் டேங்கையும் சாக்கடையையும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை வைத்துச் சுத்தம் செய்வதையும் சேர்த்து 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகையை ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

நியூசிலாந்துக்காரர்கள் எல்லோரும் மகான்கள் என்று சொல்ல வரவில்லை. கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திக் கண்ட இடத்தில் ஒதுங்கியவர்களால்தான் இங்கே 2011இல் முகாமிடுவதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். 2023இல் அதை இன்னும் இறுக்கி, தன் கழிவைத் தானே சுமக்கும் வண்டி என்று சான்று வாங்க உள்ளேயே பொருத்திய கழிவறை வேண்டும் என்றார்கள். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்தவன், அதைத் தூக்கப்போவது தானாகவும் இருக்கலாம் என்று நினைத்துச் செய்திருக்கிறான். அதனால்தான் அதில் சக்கரம், கைப்பிடி, தெறிக்காமல் இருக்கப் பொத்தான் எல்லாம் இருக்கின்றன. எங்கள் வீட்டுத் தொட்டியைக் கட்டியவருக்கு அந்த நினைப்பு வரவேண்டிய அவசியமே இல்லை. கூப்பிட்டால் வர ஆள் இருந்தது.

அன்று லிண்டிஸ் கணவாய் ஏறி வானக்கா போனோம். ஃபிரிட்ஜ் கதவில் மதுரைக்காரன் ஒரு தாளை ஒட்டினான்: சமையல், பாத்திரம், ஓட்டுவது, கேசட். நான்கு பெயர், சுழற்சி முறை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கேசட் முறை திருச்சிக்காரனுக்கு வந்தது. இரண்டு ஜோடி கையுறை, முகக்கவசம், கண்ணில் கூலிங் கிளாஸ். ஆனால் செய்தான். பாட்டியிடம் சொன்னானா என்று கேட்கவில்லை.

நான் அம்மாவிடம் சொன்னேன். ஏரி, மலை, நட்சத்திரம் எல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொன்னேன்.

"ஐயோ, அதையெல்லாம் நீ ஏன்டா செஞ்சே? அங்க ஆளுங்க இல்லையா?"

"இருந்தாங்கம்மா. நாங்க நாலு பேர் இருந்தோமே."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொங்கலுக்கு வந்த இரண்டு பேரின் பெயர் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பாகிட்ட கேட்டுப் பார்க்கறேன்" என்றார். அப்பாவுக்கும் தெரிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கட்டும்.