தாளத்துக்கு முன்னால் தூக்கம்

தவில் கற்க வருகிறவன் தோளில் முதல் நாளே தவிலை மாட்டிவிடுவதில்லை. கையில் வெண்கலத் தாளத்தைக் கொடுத்து, நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு வருடக்கணக்கில் அதுதான் படிப்பு. எனக்கு அதற்கும் முன்னால் ஒரு பாடம் இருந்தது. சிதம்பரத்தில் வாத்தியாரைப் பார்க்கப் போன அன்று அவர் என் விரல்களைப் பார்க்கவில்லை. சொற்கட்டு ஏதாவது தெரியுமா என்றும் கேட்கவில்லை.

"காலையில என்ன வேலை பாக்குற, தம்பி?"

கடலூர் ஓ.டி. மீன்பிடி துறைமுகத்தில், ஏலக்காரரிடம் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன் என்றேன்.

"எத்தனை மணிக்குப் போகணும்?"

"நாலு மணிக்குங்கய்யா."

"அப்ப முதல்ல தூங்கக் கத்துக்க. தாளம் அப்புறம்."

மேளத் தொழிலின் கடிகாரத்தைத் தெரிந்தவர்களுக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது உடனே புரியும். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு ராத்திரி பத்து வரை வாசிக்க வேண்டும். மறுநாள் முகூர்த்தம் நாலரை முதல் ஆறு என்றால், மூன்று மணிக்கே எழுந்து குளித்து மங்கள இசைக்கு உட்கார வேண்டும். கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயில் பக்கம், ஒரே முகூர்த்த நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடப்பதுண்டு. இருட்டு பிரிவதற்குள் ஒரு மேள செட்டின் கெட்டி மேளம் இன்னொரு செட்டின் மேல் ஏறி விழும். கோயில் உற்சவம் என்றால் கணக்கே வேறு. புறப்பாடு எட்டு, ஒன்பதுக்குத் தொடங்கும்; நான்கு வீதியும் சுற்றி முடிய நள்ளிரவு தாண்டும். சிதம்பரத்தில் ஐந்தாம் திருநாள் தெருவடைச்சான் அன்று, வீதியை அடைத்துக்கொண்டு வரும் அந்தச் சப்பரம் எப்போது நிலைக்கு வரும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இதில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நான் தப்பித்தேன். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு அப்போது 61 நாள் மீன்பிடித் தடை. துறைமுகத்தில் வேலை படுத்துவிடும். ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு ஏலம் சட்டென்று முடிந்துவிடும், கூலியும் அதற்கேற்ற மாதிரிதான். ஆனால் சித்திரையும் வைகாசியும் கல்யாணமும் திருவிழாவும் நிறைந்த மாதங்கள். ராத்திரி வாசித்துவிட்டுக் காலையில் தூங்கலாம். தடை முடிந்து படகுகள் கடலுக்குள் போகும், கூடை கூடையாகச் சங்கராவும் வஞ்சிரமும் வந்து இறங்கும். கையோடு சிதம்பரம் நடராஜர் கோயிலில் ஆனித் திருமஞ்சனமும் வந்துவிடும். ஒன்பதாம் நாள் தேர், அன்று இரவு நடராஜரும் சிவகாமி அம்மையும் ஆயிரங்கால் மண்டபத்தில், விடிவதற்கு முன் மகாபிஷேகம், பிற்பகல் தரிசனம். இரவும் விடியலும் சேர்ந்து ஒரே வேலையாகிவிடும் நாள் அது. எந்தச் சீடனுக்கும் வாத்தியார் வைக்கும் உண்மையான பரீட்சை ஆனியில்தான்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முதலாவது, தூக்கத்தோடு சண்டைக்குப் போகாதே என்பது. அது வந்து உட்கார்ந்த பிறகு விரட்ட முடியாது. வருவதற்கு முன்பே அதற்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். ஏலம் முடிந்து எட்டரை, ஒன்பதுக்கு வீடு திரும்பினால் குளித்து, சாப்பிட்டு, ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி கட்டிவிட்டுப் படுத்துவிட வேண்டும். போன் அடுத்த அறையில். ஒரு மணிக்கோ இரண்டுக்கோ எழுந்தால் மூன்றிலிருந்து சாதகம். கச்சேரி இல்லாத நாளிலும் இந்த நேரம் மாறக் கூடாது என்பார். இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஓய்வு நாளில் நண்பர்கள் சில்வர் பீச்சுக்குக் கூப்பிடும் நேரத்தில் பாய் விரித்துப் படுக்கும் இளைஞனை ஊர் நோயாளி மாதிரிதான் பார்க்கும். எங்கள் அம்மாவுக்கு இது தொழில் சார்ந்த ஒழுங்கு என்று புரிய நாளானது. பிறகு அவரே பகலில் என்னைத் தேடி வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

புறப்பாட்டுக்கு முன் இன்னொரு சின்னத் தூக்கம். அலங்காரம் நடந்துகொண்டிருக்கும்போது பிரகாரத்தில் ஓர் ஓரமாகத் துண்டை விரித்து இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கிவிடுவோம்; அங்கிருந்து எழுப்பப்பட்டவனுக்குக் கொஞ்ச நேரம் கை எது, தாளம் எது என்று தெரியாது. மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள். உடம்பின் சூடு பின்னிரவில் குறைந்துகொண்டே போய், விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு வரும். விழிப்பும் அதோடு சேர்ந்து இறங்கும். அந்த மூன்று முதல் ஐந்து மணியில்தான் ராத்திரி லாரி ஓட்டுகிறவரும், மருத்துவமனை வார்டில் நிற்கும் செவிலியரும், மகாபிஷேகத்துக்குத் தாளம் போடுகிறவனும் ஒரே பள்ளத்தில் இறங்கி ஏறுகிறார்கள்.

சரி, தாளத்துக்கு வருவோம். நடப்பது சுலபம். வீதியில் மல்லாரி வாசித்துக்கொண்டு போகும்போது கால் நகர்கிறது, தீவட்டி வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, கூட்டம் நெருக்குகிறது. கம்பீர நாட்டையில், சாகித்தியம் எதுவும் இல்லாமல், மூன்று காலமும் ஏறி இறங்கும் அந்த வாசிப்பில் எவனுக்கும் தூக்கம் வராது. ஆபத்து உட்கார்ந்த இடத்தில்தான். சுவாமி ஒரு மண்டபத்தில் எழுந்தருள, நாகஸ்வரக்காரர் ஆலாபனை தொடங்குவார். ஆலாபனையில் தாளத்துக்கு வேலை கிடையாது. தவில்காரர் இடையிடையே சொற்களால் இட்டு நிரப்புவார். தாளக்காரன் மட்டும் இரண்டு கையிலும் வெண்கலத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பான். அரை மணி, முக்கால் மணி ஆகும். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் பல்லவி விழும், அதுவும் தாளத்தின் முதல் அடியான சமத்தில் விழாது. அந்த எடுப்பை அவன் அந்தக் கணமே பிடித்தாக வேண்டும்.

இதற்கு வாத்தியார் வைத்த விதிகள் பார்வைக்கு அற்பமானவை. தூணில் சாயாதே. சிதம்பரத்தில் தூணுக்கா பஞ்சம்? முதுகு கல்லைத் தொட்டால் தலை தானாகச் சாயும் என்பார். கண்ணை ஒரே இடத்தில் வைக்காதே. நாகஸ்வரத்தின் விரல் துளைகளிலிருந்து தவில் குச்சிக்கு, அங்கிருந்து விளக்குக்கு, மறுபடி விரலுக்கு என்று மாற்றிக்கொண்டே இரு. கண்ணை மூடி ரசிப்பது கேட்பவர்களின் உரிமை, நமக்குக் கிடையாது. குறிப்பாக, ஊஞ்சலுக்கும் பள்ளியறைக்கும் நீலாம்பரி வாசிக்கும்போது. தூங்க வைப்பதற்கென்றே வாசிக்கும் ராகம் அது. அதற்குள் போய்விட்டால் திரும்பி வருவது கஷ்டம்.

விதிகளைவிட எனக்குப் பயன்பட்டது அவர் கொடுத்த வேலை. ஆலாபனை நடக்கும்போது கால் கட்டைவிரலில் ஆதி தாளம் போட வேண்டும். மனதுக்குள் அதன்மேல் திஸ்ரம் ஓட்ட வேண்டும். மூன்று மூன்றாக ஓடுவது நிலைத்ததும் கண்டம், பிறகு மிஸ்ரம். முத்தாய்ப்பாக ஒரு மோராவை மனதிலேயே கட்டி, மூன்று முறை சொல்லி, சமத்தில் கொண்டுவந்து இறக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் எங்கே ஓர் அட்சரம் மிஞ்சியது என்று தேட வேண்டும். ஐந்தையும் ஏழையும் எட்டுக்குள் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கொட்டாவி விட நேரமில்லை. முதலில் இது தூக்கத்தைத் துரத்தும் தந்திரம் என்றுதான் நினைத்தேன். அவர் கடைசியில் என் தோளில் தவிலை மாட்டிய அன்று, வலப்பக்கத் தோலான வலந்தலையில் விரல்களுக்குத் தெரியாத கணக்குகள் மனதுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. ராத்திரிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் பாடம்தான் நடந்திருக்கிறது.

தவில் வந்த பிறகு கவலைகள் வேறு. மார்கழித் திருவாதிரை உற்சவத்தில் பனி இறங்கும்போது தோல் ஈரத்தை வாங்கித் தளரும். சாயங்காலம் கூட்டி வைத்த சுருதி நள்ளிரவில் இருக்காது. முன்பு வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டுவார்களாம். இப்போது இரும்பு வளையமும் நட்டும் வந்துவிட்டதால் ஸ்பேனரால் முறுக்கிக்கொள்கிறோம். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காய வைத்த விரல் கூடுகள் ஈரத்தில் ஊறி நெகிழும். அதனால் இன்னொரு செட் கூடு மடியில் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் முதலில் கெடுவது வேகம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். என் அனுபவத்தில் முதலில் கெடுவது அழுத்தம். இடக்கையின் குச்சி இடப்பக்கத் தோலான தொப்பியின் மேல் விழும் கனம் குறைந்து, அடி வெறும் சத்தமாகிவிடும். வாத்தியார் பத்தடி தள்ளி நின்றாலும் இதைக் கேட்டுவிடுவார். உடனே தவிலை அடுத்தவரிடம் மாற்றச் சொல்லிவிட்டு என்னைத் தாளத்துக்கு அனுப்புவார். இரண்டு தவில் வைத்துக்கொள்வதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

டீ பற்றியும் சொல்ல வேண்டும். கீழ வீதி டீக்கடையில் ராத்திரி பன்னிரண்டுக்குக் குடிக்கும் டீ வேலை செய்ய அரை மணி ஆகும். உடம்பை விட்டுப் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். அதனால் எப்போது குடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. காலையில் நாலு மணி வேலை இருக்கும் நாளில் எனக்கு மூன்று மணிக்கு ஒரு டீ உண்டு, ஆறுக்குப் பிறகு கிடையாது. இல்லாவிட்டால் ஒன்பது மணித் தூக்கம் போய்விடும். பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மேடையேறுவதில்லை. இரண்டு இட்லி, முடிந்த பிறகு தயிர் சாதம். இந்தத் தொழிலில் ராத்திரி விழிப்புக்காக வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பது பழைய வழக்கம். அதனால் வாயில் புற்று வந்து வாசிப்பை நிறுத்தியவர்களை வாத்தியார் பார்த்திருக்கிறார். அவர் செட்டில் புகையிலைக்கு இடமில்லை. குடித்துவிட்டு வருகிறவனுக்கும்தான்.

மாறாத இன்னொரு விதி, கச்சேரி முடிந்து யாரும் பைக் எடுக்கக் கூடாது. சிதம்பரத்திலிருந்து கடலூர் சுமார் 45 கிலோமீட்டர். முட்லூர், ஆலப்பாக்கம் தாண்டி வரும் அந்தச் சாலை விடியற்காலையில் காலியாக இருக்கும். காலிச் சாலைதான் கண்ணை இழுக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ல் அளந்து சொன்னார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03தான். வாத்தியாருக்கு இந்த எண்கள் தெரியாது. அவர் செட்டில் ஒரு தவில்காரரை அப்படியொரு விடியலில் இழந்திருக்கிறார். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். விதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். புதுச்சேரி பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் சொல்லிவைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால் ஓ.டி.யில் எழுப்பிவிடுவார். அங்கிருந்து நேராகத் துறைமுகம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் விரித்து வாசித்ததையும், ஊரே விடிய விடிய உட்கார்ந்து கேட்டதையும் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லா வித்வான்களும் சுகமாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோயில் மேளக்காரருக்கு மானிய நிலம் என்று ஒன்று இருந்தது. ராத்திரி வாசித்தவர் பகலில் படுத்துக்கொள்ளலாம். இன்று கடலூர் மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்று வருடம் நாகஸ்வரமோ தவிலோ படித்து வெளியே வரும் பையன் காலையில் பால் ஊற்றுகிறான், பேப்பர் போடுகிறான், சிப்காட்டில் ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறான். சீசன் இல்லாத மாதத்தில் மேளத்தை மட்டும் நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. இரண்டு வேலை என்பது எங்கள் தலைமுறையின் நிலை. அதைப் பெருமையாகச் சொல்வதிலோ, உறங்காத உழைப்பாளி என்று மாலை போடுவதிலோ எனக்குச் சம்மதமில்லை. உறங்காதவன் வாசிப்பு கெட்டுப்போகும், பிறகு உடம்பு கெட்டுப்போகும்.

மேளம் வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபம் பேசும்போது சமையல்காரருக்கும் போட்டோக்காரருக்கும் அறை கேட்கிறீர்கள். மேளக்காரர்களுக்கும் ஒன்று கேளுங்கள். ராத்திரி வாசித்து விடியலிலும் வாசிக்க வேண்டியவர்கள் பந்தி மேசைக்கு அடியிலும் ஜெனரேட்டர் பக்கத்திலும் படுத்து எழுகிறார்கள். ஒரு மின்விசிறி, நாலைந்து பாய், மூடிக்கொள்ள ஒரு கதவு போதும். ராத்திரி நிகழ்ச்சியைப் பேசிய நேரத்துக்கு முடித்துவிடுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் சம்பளத்துக்காக மதியம் வரை காக்க வைக்காதீர்கள். அவர்களில் ஒருவன் அடுத்த வேலைக்குப் போக வேண்டியவனாக இருப்பான்.