அளந்து கொடுத்த மெஷின்

தேய்மானத்தை எண்ணில் சொல்லிவிடக்கூடிய செகண்ட் ஹேண்ட் பொருள்கள் அதிகம் கிடையாது. மில்லிங் மெஷின் அதில் ஒன்று. ஒரு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் இருந்தால் போதும்; எந்த ஸ்லைடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்க்ரூவில் எவ்வளவு ப்ளே, ஸ்பிண்டில் எவ்வளவு ஆடுகிறது என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை சொல்லிவிடலாம். அப்படியிருக்க, "நல்ல கண்டிஷன்" என்ற இரண்டு வார்த்தையோடு ஒருவர் மெஷினைத் தள்ளிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. சொல்ல முடிந்ததைச் சொல்லாமல் விடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

என் மேஜை மில்லிங் மெஷினைக் கொடுத்துவிட்டுப் பெரியது வாங்குவதென்று முடிவானதும், விலை விசாரிக்கும் முன்பே அதை முழுதாக அளந்து ஒரு தாளில் எழுதினேன். ஷாங்காயில் உள்ள சீக் நிறுவனம் எக்ஸ்2 என்று செய்து, உலகம் முழுக்கப் பல நிறங்களில் பல பெயர்களில் விற்பனையாகும் ரகம் அது. ஐம்பது கிலோவை ஒட்டிய எடை. இரண்டு பேர் பிடித்தால் மேஜைக்கு ஏறிவிடும். தலையைத் தாங்கும் தூணான காலம் அடியில் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கிறது. தலைக்குள் பிளாஸ்டிக் கியர். கட்டர் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் முதலில் பல் போவது அந்தக் கியரில்தான்.

ஏன் பெரிய மெஷின் என்று கேட்டவர்கள் எல்லோரும் டேபிள் நீளம் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டார்கள். நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. கட்டர் வேலைத்துண்டைத் தள்ளுகிறது, துண்டு கட்டரைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசை வைஸ், டேபிள், சேடில், பேஸ், காலம், தலை, ஸ்பிண்டில் என்று ஒரு சுற்று சுற்றி மீண்டும் கட்டருக்கே வந்து சேர்கிறது. இந்தச் சுற்றில் எது இளைத்ததோ அதுதான் மெஷினின் உண்மையான அளவு. 10 மில்லி ஹைஸ்பீடு எண்ட் மில்லை வைத்து எம்.எஸ். வெட்ட, நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று கணக்குப் போட்டால் சுமார் 800 ஆர்பிஎம் வரும். அந்த வேகம் சின்ன மெஷினில் தாராளமாக இருக்கிறது. ஆனால் அரை மில்லி ஆழத்தைத் தாண்டினால் காலம் கத்த ஆரம்பிக்கும். என்னிடம் வரும் வேலையில் பெரும்பகுதி பழைய ஸ்பின்னிங் மெஷின்களுக்கான மாற்றுப் பாகங்களும் பம்ப் மாதிரிகளும். வார்ப்பிரும்பு, இஎன்8 என்று வந்துகொண்டே இருந்தால், அரை அரை மில்லியாக வழித்து எப்போது முடிப்பது?

ஆனாலும் அந்த மெஷினிடம் எனக்கு நன்றி உண்டு. எண்ட் மில்லை முடிந்த மட்டும் குட்டையாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். வெளியே நீட்டும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். ஒரு டன் மெஷினில் இந்தத் தப்பு காதில் விழாது, ஐம்பது கிலோ மெஷினில் உடனே கேட்கும். நகர்த்தாத ஸ்லைடுகளைப் பூட்டி வைப்பதும், ப்ளே இருக்கும் ஸ்க்ரூவில் கட்டர் சுழலும் பக்கமாகவே ஃபீடு கொடுக்காமல் இருப்பதும் அங்கே பழகியவை. அப்படி ஃபீடு கொடுத்தால், கட்டர் டேபிளைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். துண்டும் போகும், கட்டரும் போகும்.

அளப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ப்ளேவை ஒரே இடத்தில் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். வைஸ் நடுவில் இருக்கிறது, வேலை நடுவில் நடக்கிறது. ஆகவே ஸ்க்ரூவும் ஸ்லைடும் நடுவில்தான் அதிகம் தேயும். டேபிளின் பக்கவாட்டில் டயலை வைத்து, கைச்சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பும்போது முள் அசையும் முன் எவ்வளவு சுற்று வீணாகிறது என்று இடம், நடு, வலம் மூன்றிலும் பார்த்தேன். நடுவில் 0.25, ஓரங்களில் 0.15. நடுவில் ஆட்டம் போக ஜிப்பை இறுக்கினால் ஓரங்களில் டேபிள் இறுகிக்கொள்ளும் என்பதையும் எழுதினேன். ஸ்பிண்டில் டேப்பருக்குள் டயல் வைத்ததில் ஆட்டம் 0.015. தலையைக் கையால் முன்னுக்கு இழுத்தால் 0.08 வரும். இது எதை இறுக்கினாலும் போகாது, அந்த வடிவத்தின் குணமே அதுதான் என்று பக்கத்தில் குறித்தேன்.

அடுத்து எதைச் சேர்த்துக் கொடுப்பது என்ற கேள்வி. மெஷினைத் தனியாகவும் கோலெட்டுகளைத் தனியாகவும் விற்றால் பணம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கோலெட்டும் வைஸும் இல்லாத மில்லிங் மெஷினை வாங்கிப் போகிறவருக்கு மறுநாள் காலையில் ஒரு கீறல்கூடப் போட முடியாது. ஆகவே ஆர்8 கோலெட் செட், டிரா பார், சின்ன வைஸ், கிளாம்ப் செட், உபரி கியர் எல்லாம் ஒரே பெட்டியில் போனது. 12 மில்லிக்கு மேற்பட்ட கட்டர்களையும் பேரலல்களையும் மட்டும் வைத்துக்கொண்டேன். புது விலையில் பாதி என்று சொன்னேன்.

வாங்க வந்த தம்பிக்குச் செல்வபுரத்தில் நகை டை வெட்டும் வேலை. தாளைப் படித்துவிட்டு நேரே டயலை எடுத்து நடுவில் வைத்தார்.

"அண்ணா, நீங்க எழுதுனபடியேதான் காட்டுதுங்க. ஆனா இந்த ப்ளே என்ற வேலைக்கு ஆகுமுங்களா?"

"ஒரே பக்கமிருந்து வந்து நிறுத்தினா ஆகுமுங்க தம்பி. வெட்டிப் பாருங்க."

பித்தளைக் கட்டை ஒன்றைக் கொடுத்தேன். அவரே வெட்டினார். பிறகு ஒரு எம்.எஸ். துண்டைப் போட்டு, எந்த ஆழத்தில் மெஷின் கத்துகிறது என்பதையும் காட்டினேன். விற்கும்போது மெஷின் தோற்கிற இடத்தையும் காட்ட வேண்டும். தன் வேலை அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டியவர். பித்தளையும் சின்னச் சின்ன இரும்பு டையும் அவருக்குப் போதும். "வெலையில கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றார். கொஞ்சம் குறைத்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே தாளின் இன்னொரு நகலோடுதான் கணபதிப் பக்கம் பெரிய மெஷின் பார்க்கப் போனேன். நம் பட்டறைகளில் எம்1டிஆர் என்று சொல்லும் டர்ரெட் மில்லிங்தான் என் தேடல். அதன் மூலவடிவத்தில் முதல் மெஷின் 1938-ல் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் வெளிவந்தது. ஆர்8 டேப்பரும் பிரிட்ஜ்போர்ட்காரர்கள் உண்டாக்கியதே. ஆனால் நான் கடைசியில் வாங்கிய மெஷினின் ஸ்பிண்டில் ஐஎஸ்ஓ 40. கோலெட்டுகளை வைத்திருந்தால் வீணாகத்தான் கிடந்திருக்கும்.

பழைய மெஷின் கிடங்குகளில் எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கும். பெயிண்டைப் பார்க்கவே வேண்டாம். ஸ்லைடின் ஓரங்களில் ஸ்கிரேப்பிங் குறி இருந்து நடுவில் மழுங்கியிருந்தால், எவ்வளவு ஓடியது என்பதை அதுவே சொல்லிவிடும். டேபிளில் டிரில் இறங்கிய குழிகளைப் பார்த்தால், முன்பு ஓட்டியவர்களின் கை தெரியும். ஸ்பிண்டிலை வேகமாக அரை மணி ஓடவிட்டு பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்காத சூடு என்றால் திரும்பிவிடலாம். ஓட்டிக் காட்ட மறுக்கும் இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

நான் எடுத்ததில் நடுவில் ப்ளே சின்ன மெஷினைவிட அதிகம். அதற்காக விட்டுவிடவில்லை. ஸ்லைடும் ஸ்பிண்டிலும் நல்லபடி இருந்தன. நட்டை மாற்றிக்கொள்ளலாம், தேய்ந்த ஸ்லைடைத் திரும்ப ஸ்கிரேப் செய்வது வேறு செலவு. ஒரு டன்னுக்கு மேல் கனம், அதிலும் மேல்பாகம் கனமானது. டேபிளைத் தாங்கும் நீ-யை (knee) கீழே இறக்கி, ராமை உள்ளே தள்ளி, தலையைக் கவிழ்த்த பிறகுதான் லாரியில் ஏற்றினோம்.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மோட்டார் 2 எச்பி, 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் இணைத்தது. ஆறு முனைகளும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருந்ததால் டெல்டாவுக்கு மாற்றி, 230 வோல்ட் விஎஃப்டி வழியாக ஓட்டுகிறேன். 3 எச்பியும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்களைப் பெரும்பாலும் டெல்டாவிலேயே 415-க்குச் சுற்றியிருப்பார்கள். அவற்றில் இந்த வழி நடக்காது. வாங்கும் முன் நேம் பிளேட்டைப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

இப்போது டிஆர்ஓ என்ற டிஜிட்டல் அளவுகாட்டியை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் ஸ்கேல் டேபிளையே நேராக அளப்பதால், அளவு எடுக்கும்போது ஸ்க்ரூவின் ப்ளே தொந்தரவு செய்யாது. ஆனால் கட்டர் டேபிளை இழுப்பதை டிஆர்ஓவால் தடுக்க முடியாது. அதனால் இரண்டு துண்டாகப் பிரித்து இறுக்கிக்கொள்ளும்படி வெண்கல நட்டு ஒன்று கடைய வேண்டும். கட்டை வாங்கி வைத்தாயிற்று. அந்த மரைக்கு டேப் கிடைக்கவில்லை, லேத்தில் போரிங் டூலால்தான் மரை வெட்ட வேண்டும்.