ஹாங்காங் ஓஷன் பார்க்கில் ஒரு மழை நாள்

மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கும் நாமே, ஒருநாள் குடும்பத்தோடு வெளியே சென்று வரலாமென்று கட்டுச்சோறு கட்டி வைத்த காலையில் தூறல் விழுந்தால் முகம் சுளிக்கிறோம். மழை வந்தால் பயணம் கெட்டது என்பது நம் எண்ணம். ஆயினும் சில பயணங்கள் மழையினாலேயே நிறைவு பெறுவதும் உண்டு. 2025ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஹாங்காங் நகரத்து ஓஷன் பார்க் என்னும் கடல்வாழ் உயிரினப் பூங்காவிற்கு நாங்கள் சென்று வந்தது அத்தகையதொரு பயணம். வாசகர்களும் எங்களுடன் ஒரு குடையின்கீழ் நடந்து வருவார்களாக!

ஹாங்காங்கின் மழையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஆண்டொன்றுக்கு அங்கே சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே அந்நகரத்து வானிலை நிலையம் மழைக்கு மூன்று நிறங்களில் எச்சரிக்கை வகுத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யுமாயின் மஞ்சள். 50 மில்லிமீட்டரைக் கடந்தால் சிவப்பு. 70 மில்லிமீட்டரைக் கடந்தால் கறுப்பு. கறுப்பு எச்சரிக்கை ஏறிவிட்டால் மக்கள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. 2023 செப்டம்பரில் ஒரே மணி நேரத்தில் 158 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1884ஆம் ஆண்டு முதல் எழுதப்பட்டு வரும் கணக்கில் அதுவே உச்சம். அந்த இரவில் தெருக்கள் ஆறுகளாகி, பாதாள இரயில் நிலையத்திற்குள் வெள்ளம் புகுந்ததை அங்குள்ளோர் இன்னும் பேசுகின்றனர்.

நாங்கள் புறப்பட இருந்த காலையில் ஏறியது மஞ்சள் எச்சரிக்கை. எங்கள் இளைய சகோதரர் அந்நகரில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். அவருக்கு மனைவியும், பன்னிரண்டு வயதில் ஒரு மகளும், எட்டு வயதில் ஒரு மகனும் உண்டு. எழுபத்தெட்டு வயதான எங்கள் தாயார் இரண்டு மாதம் அவர்களோடு தங்கியிருந்து, இன்னும் மூன்று நாள்களில் ஊர் திரும்ப வேண்டியவராக இருந்தார். அந்த இரண்டு மாதங்களிலும் குடும்பம் முழுவதும் ஒருசேர இருந்து ஒரு நாளைக் கழித்ததில்லை. தந்தைக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி. கிடைத்தது இந்த ஒரு நாள், அதிலும் மழை.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், நாவில் வராது. பாட்டிக்கோ தமிழன்றி வேறில்லை. “சாப்பிட்டாயா?”, “தூங்கு” என்பவற்றுக்கு மேல் அவர்களிடையே பேச்சு வளரவில்லை. குழந்தைகள் பாட்டியை அன்போடுதான் பார்த்தனர். ஆயினும் அது விருந்தினரைப் பார்ப்பது போன்ற அன்பு. இந்தக் குறை தாயாரின் மனத்தில் முள்ளாய் உறுத்தியதை நாங்கள் அறிவோம்.

“இந்த மழையில் வேண்டாம், இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்” என்றார் சகோதரர். “இன்னொரு முறை எப்பய்யா?” என்று கேட்டார் தாயார். அதற்கு எவரும் பதில் சொல்லவில்லை. சகோதரரின் மனைவி எழுந்து சென்று குடைகளை எடுத்து வந்தார். “அத்தை, செருப்பு வழுக்கும்; இந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று குனிந்து மாட்டிவிட்டார். புறப்பட்டோம்.

ஓஷன் பார்க் ஹாங்காங் தீவின் தென்கரையில், அபர்டீன் துறைமுகத்திற்கு அருகே உள்ளது. அரசு நிலம் தர, அந்நகரத்துக் குதிரைப்பந்தயச் சங்கம் பொருள் தர, 1977ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அது திறக்கப்பட்டது. முன்னாளில் சாலை வழியாகத்தான் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் பாதாள இரயில் வந்தபின், நகரின் நடுவிலுள்ள அட்மிரல்டி நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையமே பூங்கா. பூங்காவின் அமைப்பு விந்தையானது. ஒரு மலையின் அடிவாரத்தில் பாதி, கடலை நோக்கிய உச்சியில் மறுபாதி. இவ்விரண்டையும் இணைப்பவை இரண்டு. ஒன்று, வெளியே ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் அந்தரத்தில் செல்லும் தொங்கூர்தி. மற்றொன்று, 2009இல் மலையைக் குடைந்து அமைத்த சுரங்க இரயில்.

நாங்கள் வாயிலில் நுழைந்தபோது இடி முழங்கிற்று. தொங்கூர்தி நிறுத்தப்பட்டிருந்தது. வெட்டவெளியில் ஓடும் இராட்டினங்களும் நின்றுவிட்டன என்று அறிவிப்புப் பலகை கூறியது. மலைமேல் சுழன்று பாயும் வண்டிகளில் ஏறப் போவதாகப் பல நாள்களாகச் சொல்லிக்கொண்டிருந்த சிறுவனின் கண்கள் கலங்கின. மழைக்கு ஒதுங்க இடம் தேடி, அடிவாரத்திலுள்ள பெரிய மீன்காட்சியகத்திற்குள் அனைவரும் நுழைந்தோம்.

2011இல் திறக்கப்பட்ட இக்காட்சியகத்தில் நானூறுக்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ ஐயாயிரம் மீன்கள் உள்ளன. மேல்தளத்தில் கரையோர மீன்களைப் பார்த்துவிட்டு இறங்க இறங்க ஆழ்கடலை அடைவது போன்று கட்டியிருக்கிறார்கள். இத்தகைய பெருந்தொட்டிகளின் சுவர் கண்ணாடியன்று. அக்ரிலிக் எனப்படும் பொருள். மிகுந்த கனமாகச் செய்தாலும் தெளிவு குன்றாது. நீரின் பெரும் அழுத்தத்தையும் தாங்கும். உள்ளிருக்கும் உப்புநீர் இடையறாது வெளியே இழுக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, காற்றேற்றப்பட்டு மீண்டும் உள்ளே விடப்படுகிறது. ஒருநாள் இந்த இயந்திரங்கள் ஓய்ந்தாலும் மீன்கள் பிழைப்பது அரிது.

அந்தப் பெருஞ்சுவரின் முன் போடப்பட்டிருந்த இருக்கையில் தாயாரை அமர்த்தினோம். அவர் மணப்பாட்டை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் கட்டுமரத்தில் தொழிலுக்குச் சென்றவர். சிறுமியாய் இருந்தபோதே கரையில் மீனை இனம் பிரித்துக் கூறுகட்டி, தம் அன்னையோடு சந்தைக்குச் சுமந்து சென்றவர் எங்கள் தாயார். அவருக்குத் தெரியாத மீன் இல்லை. ஆயினும் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “எழுபது வருசமா மீனைப் பார்த்திருக்கேன். அது நீந்துறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். உண்மைதான்! கடற்கரையில் வாழ்ந்தவர் கண்டதெல்லாம் மடியில் துடித்து அடங்கிய மீன், கூடையில் கிடந்த மீன், அரிவாள்மணையில் ஏறிய மீன். நீருக்கடியில் அது வாழும் வாழ்வை, அதைப் பிடித்துப் பிழைத்த குடும்பத்தார் கண்டதே இல்லை.

அப்போது சிறகு விரித்தது போல ஒரு மீன் எங்கள் தலைக்கு மேலாகச் சென்றது. “திருக்கை” என்றார் தாயார். “திருக்கை” என்றான் பேரன், தன்னையறியாமல். “வாலில முள்ளு இருக்கும், மிதிச்சா உயிர் போற மாதிரி வலிக்கும். எங்க அப்பாவைக் குத்திருக்கு” என்று தம் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். சிறுவன் அருகே வந்து அமர்ந்தான். பெண்ணும் வந்தாள். “அது களவா, குகைக்குள்ளேயே கிடக்கும். அது பாறை, கூட்டமாத்தான் ஓடும். அந்தா வருது பாரு, சுறா.” ஒவ்வொன்றின் பெயரையும் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பேத்தி தன் கைக்குட்டைப் பையிலிருந்து சிறு ஏடொன்றை எடுத்து, தனக்குத் தெரிந்த எழுத்துகளில் அவற்றைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

“பாட்டி, வெளியே மழை பெய்வது மீனுக்குத் தெரியுமா?” என்று கேட்டான் சிறுவன். முழுவதும் தமிழிலேயே கேட்டான். அவனுடைய தாய் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கடல்ல மேல நீந்துற மீனுக்குத் தெரியும், ராசா. அடியில கிடக்கிறதுக்கு ஏது மழை? காத்தடிச்சுக் கடல் கலங்கினாத்தான் அதுக்குத் தெரியும்” என்றார் பாட்டி. “இந்த மீனுக்கு?” தாயார் சற்று யோசித்தார். “இதுக்கு ரெண்டும் தெரியாது” என்றார்.

வெளியே மழை இரண்டு மணி நேரம் பெய்தது. அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் அங்கிருந்து எழவில்லை. வெயில் காய்ந்திருந்தால் கால்மணி நேரத்தில் அந்த இடத்தைக் கடந்து இராட்டினங்களை நோக்கி ஓடியிருப்போம் என்பதில் ஐயமில்லை.

இடி ஓயாததால் சுரங்க இரயிலில் மலையுச்சிக்குச் சென்றோம். நீர்மூழ்கிக் கப்பலில் செல்வது போன்ற தோற்றத்தை அதனுள் அமைத்திருக்கிறார்கள். உச்சியில் துருவப் பகுதி உயிர்களுக்கென 2012இல் திறந்த கூடங்கள் உள்ளன. வெப்ப மண்டலத்து மழையில் நனைந்த உடையோடு பென்குவின்களின் குளிர்க்கூடத்தில் நின்றபோது பற்கள் தந்தியடித்தன. வெளியே குளத்தில் நீர்நாய் போன்று நீண்ட உடலுடைய கடற்சிங்கங்கள் மழையைப் பொருட்படுத்தாமல் குதித்துக் குளித்தன. அன்று அப்பூங்காவில் மழையைக் கண்டு முகம் சுளிக்காதவை அவை மட்டுமே.

சிறுவனுடைய கேள்வி பெரியவர்களான எங்களையும் விடவில்லை. இப்பூங்காவில் ஒரு காலத்தில் ஓர்க்கா என்னும் பெரிய கடல்விலங்கு ஒன்று இருந்தது. ஐஸ்லாந்துக் கடலில் பிடிக்கப்பட்டு 1979இல் இங்குக் கொணரப்பட்ட அது, பார்வையாளரை மகிழ்வித்து, 1997இல் மடிந்தது. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு குளத்திற்குள் கழிந்தது. இதை எண்ணும்போது மனம் கூசுகிறது. மறுபுறம் இன்னொரு உண்மையும் உண்டு. ஹாங்காங்கைச் சூழ்ந்த கடலில், எவரும் அடைத்து வைக்காமல் உலவும் வெள்ளை டால்ஃபின்கள் 2003இல் 188 என்று மதிப்பிடப்பட்டன. 2018இல் அவை 32 ஆகக் குறைந்துவிட்டன. கடலைத் தூர்த்து நிலமாக்கியதும், விரைவுப் படகுகளின் போக்குவரத்தும், கழிவுநீரும் அதற்குக் காரணங்கள். தொட்டியில் அடைத்தல் கொடுமை எனில், அடைக்காமலே வாழிடத்தைப் பறித்தல் அதனினும் சிறிய கொடுமையாகுமா? இக்கேள்விகளை மகளிடமும் மகனிடமும் சகோதரர் எளிய சொற்களில் எடுத்துரைத்தார். “அப்படியானால் நாம் இங்கே வந்திருக்கலாமா, அப்பா?” என்றாள் மகள். “வந்ததனால்தானே கேட்கிறாய்? வீட்டுக்குப் போய் இன்னும் யோசிப்போம்” என்றார் அவர். பிள்ளையின் வாயை அடைக்காத அந்தப் பதில் எங்களுக்கு நிறைவளித்தது.

மாலை நான்கு மணிக்கு மேல் இடி விலகிற்று; தூறல் மட்டும் நின்றபாடில்லை. தொங்கூர்தி மீண்டும் ஓடத் தொடங்கியது. “நான் சுரங்கத்திலேயே வர்றேன்; அந்தரத்துல எனக்கு ஆகாது” என்றார் தாயார். பேரன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “பாட்டி, வா. நான் பிடிச்சுக்கிறேன்” என்றான். மறுபேச்சின்றி ஏறினார். ஆறு பேர் அமரக்கூடிய அந்தச் சிறு கூட்டில் நாங்கள் ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். கீழே மலைச்சரிவுகள் நனைந்து பச்சையாய்ப் பளபளத்தன. தொலைவில் டீப் வாட்டர் விரிகுடா சாம்பல் நிறமாய் விரிந்து கிடந்தது. நடுவழியில் காற்று கூட்டை அசைத்தபோது தாயார் கண்களை மூடிக்கொண்டார். பேத்தி தன் ஏட்டைப் பிரித்து, திருக்கை, களவா, பாறை, சுறா என்று உரக்கப் படித்தாள். ‘றா’ என்பதை ‘ரா’ என்று உச்சரித்தாள். தாயார் கண்களைத் திறந்து, பொறுமையாக அதைத் திருத்தினார். அவள் மூன்றுமுறை சொல்லிப் பழகுவதற்குள் ஊர்தி கீழே வந்து சேர்ந்துவிட்டது.

மூன்று நாள்களுக்குப் பின் தாயார் ஊருக்குத் திரும்பினார். இப்போது வாரந்தோறும் தொலைபேசியில் பேரன் அழைக்கிறான். சந்தையில் கண்ட மீனின் அடையாளத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, அதன் பெயரைக் கேட்கிறான். சில மீன்கள் நம் கரைக்கு வராதவை. அவற்றிற்குத் தாயார் தாமே ஒரு பெயர் சூட்டிவிடுகிறாராம்.

வாசகர்களே, விடுமுறையில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல நினைக்கும்போது, வீட்டிலிருக்கும் முதியவர்களையும் உடனழைத்துச் செல்லுங்கள். நடக்க இயலாதென்று அவர்களை வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லாதீர்கள். அவர்கள் மெல்ல நடப்பார்கள். நடுவில் உட்கார இடம் கேட்பார்கள். அவர்கள் உட்காரும் இடத்தில் பிள்ளைகளையும் உட்காரச் சொல்லுங்கள். வானம் இருண்டிருந்தால் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.