கொடைக்கானல் பைன் காடு

வெம்பக்கோட்டைக் கரிசல் பூமியில் நின்று பார்த்தால் கண்ணுக்குப் படும் விருக்ஷங்கள் சிலவே: வேம்பு, பனை, உடை, இவற்றை நெருக்கிக்கொண்டு எங்கும் படர்ந்திருக்கும் சீமைக் கருவேல். சித்திரை மாதத்தில் வைப்பாற்று மணல் காலைப் பொரிக்கும். பட்டாசுத் தொழிலை நம்பிப் பிழைக்கும் ஜனங்கள், எங்கே எந்தப் பொறி விழுமோ என்ற கவலையுடனேயே அக்காலத்தைக் கழிக்கிறார்கள். அத்தகைய ஊரிலிருந்து சில மாணவர்களை அழைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக நாம் கொடைக்கானல் மலைக்குச் சென்றோம்.

தூண் பாறைக்குப் போகும் திசையில் உள்ளது பைன் காடு. நேர்நேராக ஓங்கிய அடிமரங்கள். உச்சியில் மட்டும் பச்சை. தரையிலோ, பழுப்பேறிய ஊசி இலைகள் மெத்தைபோல் கிடக்கின்றன. அம்மெத்தையைத் துளைத்து முளைக்கும் செடி கொடிகள் வெகு சொற்பம். பறவைகளின் குரலும் அரிதாகவே கேட்டது. பட்டாசுத் தொழிலாளி ஒருவரின் மகன் காய்ந்த இலைகளைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, “ஐயா, இது மருந்து மாதிரி குப்பென்று பிடித்துக்கொள்ளுமே!” என்றான். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. பிசின் ஊறிய இலைக்கு எளிதில் தீப்பற்றும் குணம் உண்டு.

‘பைனஸ் பாட்டுலா’ என்று சாஸ்திரிகள் பெயரிட்ட இம்மரத்தின் ஜன்மபூமி மெக்ஸிகோ தேசத்து மலைகள். ஊசி இலைகள் பெரும்பாலும் மும்மூன்றாகச் சேர்ந்து, வாரிவிட்ட கூந்தல்போல் கீழ்நோக்கித் தொங்கும். எல்லா இலைகளும் ஒரே காலத்தில் உதிராமையால் மரம் என்றும் பசுமையாகவே நிற்கிறது. இதன் கூம்புகள் பல ஆண்டுகள் கிளையிலேயே மூடிக்கிடந்து, உஷ்ணம் தாக்கியதும் வாய் திறந்து சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடும். நம் ஊரில் சர்வநாசம் செய்யும் தீயை இம்மரம் வம்சவிருத்திக்குத் துணையாகக் கொள்ளும் விந்தையைச் சொன்னபோது, பிள்ளைகள் நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

பைன் இனத்தால் விளையும் பிரயோஜனங்கள் பல. இமயத்தின் ‘சிர்’ பைனைக் கீறிப் பிசின் வடித்துக் காய்ச்சினால், வர்ணத்துக்கு உதவும் டர்ப்பெண்டைன் தைலம் ஆவியாகி வரும். அடியில் தங்குவது ரோஸின். நம் வித்துவான்கள் பிடில் வில்லில் தேய்ப்பது அதுவே. மரம் பெட்டிக்கும் காகிதக் கூழுக்கும் ஆகிறது. நம் பக்கத்துத் தீக்குச்சிக்கு மட்டும் பெருமரம், மட்டி போன்ற மென்மரங்களே பேர்போனவை.

ஆனால் யாருக்குப் பிரயோஜனம் என்பதையும் கேட்கவேண்டும். குமாவுன் பிரதேசத்தில் அந்நிய சர்க்கார் பைன் காடுகளைத் தன் வசமாக்கிக்கொண்டு, ஜனங்களின் மேய்ச்சல் உரிமைக்கு வரம்பு கட்டியது. 1921 ஜனவரியில் பாகேசுவரத்தில் கூடிய மக்கள், கட்டாய ஊழியப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தார்கள். அவ்வாண்டுக் கோடையில் அங்கே பைன் காடுகள் பற்றி எரிந்தன.

பழனி மலையின் கதை வேறு விதம். 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேயர் இம்மலையை அளந்தார். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் குடியேறினர். பிற்காலத்தில், மரமில்லாத புல்வெளிகளைத் ‘தரிசு’ என எண்ணி அவற்றில் சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டார்கள். அப்புல்லும் சோலையுமே மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுபவை. 1973 முதல் 2014 வரை பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோயிற்று. நம் வைப்பாறு இம்மலையில் பிறப்பதன்று. ஆயினும் கண்மாய் நிரம்புமா என்று வானத்தைப் பார்த்தே வாழும் ஊராருக்கு, மலை நீர் குறைவது பிறர் கதையாகப் படுமா?

அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. எனினும் அனைத்தையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுவதை நாம் ஆதரிக்கமாட்டோம். முதிர்ந்த அயல்மரத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே தலைதூக்குவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மிஞ்சிய புல்வெளியில் புதிதாக முளைக்கும் பைன் கன்றுகளையே முதலில் பிடுங்கவேண்டும். திரும்பும் வழியில் பிள்ளைகள் சாலையோரத்தில் அத்தகைய கன்றுகளை எண்ணத் தொடங்கி, வளைவு இரண்டு கடப்பதற்குள் கணக்குத் தப்பி, எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.