உத்தரமேரூரில் ஒரு திண்ணை

உத்தரமேரூருக்குச் செல்கிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் எழுந்த அந்தச் சாஸனங்கள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன என்பது நேயர்கள் அறிந்ததே. அவற்றுள் ஒரு விதி என் மனத்தை விட்டு அகலவில்லை. வரி செலுத்தும் நிலம் இருந்தால் மட்டும் போதாது. சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவனே ஊர்க் காரியத்துக்கு உரியவனாம்!

அந்த வீடுகள் இன்று இல்லை. ஆயினும், பழைய தெருக்களில் நடந்தால் ஓட்டு வீடுகள் சில நிற்கக் காணலாம். தெருவை நோக்கிய திண்ணை, அதைக் கடந்தால் ரேழி, நடுவே வானத்தைக் காட்டும் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. வழிப்போக்கரும் ஊர்ச் செய்தியும் திண்ணைக்கு வந்தனர்.

இப்போதோ முற்றத்தின் மேல் கான்கிரீட் தளம் ஏறுகிறது. திண்ணை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. குடும்பம் பெருகினால் அறைகள் வேண்டாமா? வேண்டியதுதான். ஆனால் அவற்றைப் பின்கட்டிலோ மாடியிலோ எழுப்பிக்கொண்டு, முன்னே இரண்டு முழம் திண்ணையை விட்டுவைக்கலாகாதா?

வீடு உள்ளவனுக்கே ஊரில் உரிமை என்றனர் அக்காலத்தார். ஊருக்கு வீட்டில் இருந்த உரிமை அந்தத் திண்ணை ஒன்றுதான்.