நரம்புக்குள் ஒரு முடிச்சு



நம் பேச்சில் புறங்கையில் நீலமாய் ஓடுவதும் நரம்பு, விரலுக்கு உணர்வு தருவதும் நரம்பு. இந்த ஒரு சொல்லால் நான் 4 வருடங்களை இழந்தேன். 1847இல் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த டொக்டர் கிறீன் வாழ்ந்த மண்ணிலும் இந்தக் குழப்பம் தீரவில்லை, பாருங்கள்!

வலது மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம். "நரம்பு புடைச்சிருக்கு, எண்ணெய் போட்டு உருவி விடு" என்றார் மாமி. சோனகத் தெரு வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துவிடும், ஊசி நழுவும். ஓரிடத்தில் நீர்க்கட்டி என்று ஊசி போட்டு உறிஞ்சினார்கள். வந்தது இரத்தம். அன்றிரவு புற்றுநோய் என்றே முடிவு செய்து, பிள்ளைகளைப் பார்த்து அழுதேன்.

பிறகு பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் கையைத் தொங்கவிடச் சொன்னார், வீக்கம் பருத்தது. உயர்த்தச் சொன்னார், சுருங்கியது. மெல்லத் தட்டினார்; விரல் நுனிவரை மின்சாரம் அடித்தது.

"பருத்துச் சுருங்கினால் இரத்தக்குழாய். மின்சாரம் அடித்தால் உணர்வு நரம்பு. உங்களுக்கு இரண்டும் இருக்கம்மா" என்றார்.

ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி நரம்புக்குள்ளேயே இருந்தது. ஹீமாஞ்சியோமா, நரம்புக்குள் வருவது மிக அரிது. உருப்பெருக்கியின் கீழ் நரம்பு இழைகளை விலக்கி எடுத்தார்கள். புற்றுநோயல்ல என்று திசுப் பரிசோதனை உறுதிசெய்தது.

பெருவிரல் தேறிவிட்டது. சுட்டுவிரல் நுனி இன்னும் மரப்புத்தான். ஊசியில் நூல் கோர்க்க மகளைத்தான் கூப்பிடுகிறேன்.